சிவப்பு எப்படிப் பச்சையானது? நிறம் மாறும் வாணத்தின் உள்விவரம்

டிசெம்பர் 31 நள்ளிரவில் கொழும்பு காலிமுகத்திடலில் நின்றவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். கடல் பக்கமாக ஒரு குண்டு மேலே போய் வெடிக்கிறது. நூற்றுக்கணக்கான சிவப்புப் புள்ளிகள் பந்துபோல விரிகின்றன. விரிந்து முடிவதற்குள், யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல, அத்தனையும் ஒரே நொடியில் பச்சையாகிவிடுகின்றன. சத்தம் காதுக்கு வரும்போது நிறம் மாறியே போயிருக்கும்.

மறுநாள் காலையில் பலர் இணையத்தில் தேடுவது இதன் ‘ஃபோர்முலா’வைத்தான். எந்த உப்பு, எத்தனை வீதம், எதோடு சேர்த்தால் சிவப்பு பச்சையாகும் என்று. கிடைப்பவை அரைகுறை அட்டவணைகள், வெளிநாட்டுப் பொழுதுபோக்காளர்களின் குறிப்புகள், பின்னணி இசை மட்டும் உள்ள காணொளிகள். படித்து முடித்தாலும் குழப்பம் தீராது. ஏனென்றால் கேள்வியே கொஞ்சம் பிசகியது. நிறத்தை மாற்றும் கலவை என்று ஒன்று கிடையாது. சிவப்புக்கு ஒரு கலவை, பச்சைக்கு இன்னொரு கலவை. மாற்றம் நடப்பது அவற்றை அடுக்கிய வரிசையிலும், எரியும் நேரத்திலும்.

இந்தக் கட்டுரையில் கலவை வீதம் எதுவும் தரப்படவில்லை. காரணம் கீழே வருகிறது.

முதலில் நான்கு சொற்கள்

1. ஷெல். மேலே போய் வெடிக்கிற குண்டு. காகிதத்தாலோ அட்டையாலோ செய்த கூடு. நிலத்தில் நிறுத்திய குழாயிலிருந்து அதை ஏவுவார்கள்.

2. ஸ்டார். கூட்டின் உள்ளே அடுக்கப்பட்டிருக்கும் சிறு உருண்டைகள். வானத்தில் நாம் பார்க்கும் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் எரிந்துகொண்டு பறக்கிற ஒரு ஸ்டார்தான். யப்பானியர்களும் அதை ‘ஹொஷி’, அதாவது விண்மீன், என்றுதான் சொல்கிறார்கள்.

3. உடைக்கும் மருந்து. ஷெல்லின் நடுவே இருப்பது. சரியான உயரத்தில் கூட்டைப் பிளந்து, ஸ்டார்களைப் பற்றவைத்து, எல்லாத் திசையிலும் எறிவது இதன் வேலை.

4. ஒட்சியேற்றி. எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும். விறகு அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வாணத்துக்கு அந்த அவகாசம் இல்லை, ஆகவே ஒட்சிசனைக் கட்டிவைத்திருக்கிற ஓர் உப்பு கலவைக்குள்ளேயே இருக்கும். நைட்ரேட், குளோரேட், பெர்குளோரேட் என்று முடிகிற பெயர்கள் பெரும்பாலும் இவைதான். நம் ஆட்களின் ‘வெடியுப்பு’ பொட்டாசியம் நைட்ரேட்.

நான்காவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எரிகிற வாணக் கலவையை மணல் போட்டு மூடினாலும், ஈரச் சாக்கைப் போர்த்தினாலும் அது பாட்டுக்கு எரியும். தனக்கு வேண்டிய ஒட்சிசனை அது கையோடு கொண்டு வந்திருக்கிறது.

நிறம் எங்கிருந்து வருகிறது

காஸ் அடுப்பில் உப்புப் போட்ட கஞ்சி பொங்கி வழிந்தால், நீலமாக எரிந்துகொண்டிருந்த சுவாலை திடீரென்று மஞ்சளாகும். சட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, காஸும் மாறவில்லை. உப்பிலிருந்த சோடியம் சூடாகி, தான் வாங்கிய சக்தியை ஒளியாகத் திருப்பிக் கொடுக்கிறது. சோடியத்தின் ஒளி கிட்டத்தட்ட 589 நானோமீற்றர் அலைநீளத்தில் மட்டுமே வரும். நம் கண்ணுக்கு அது மஞ்சள். பழைய தெருவிளக்குகளின் மஞ்சளும் இதே சோடியத்தின் மஞ்சள்தான்.

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு இது சுவாலைச் சோதனை. ஸ்ட்ரொன்சியம் சிவப்பு, கல்சியம் செம்மஞ்சள், பேரியம் இளம்பச்சை, பொட்டாசியம் மங்கிய ஊதா. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அதே பட்டியல்தான் காலிமுகத்திடல் வானத்திலும் எரிகிறது. ஆனால் பாடப்புத்தகம் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. வாணத்தின் நல்ல சிவப்பும் நல்ல பச்சையும் நல்ல நீலமும் தனி அணுக்களிலிருந்து வருவதில்லை. ஸ்ட்ரொன்சியம், பேரியம், செம்பு ஆகியவை சுவாலைக்குள் ஒரு குளோரின் அணுவோடு சேர்ந்து, சில கணங்கள் மட்டும் நிலைக்கிற மூலக்கூறுகளாகின்றன. நிறம் அந்த மூலக்கூறுகளின் நிறம். குளோரின் போதாவிட்டால் சிவப்பு செங்கல் நிறமாக வெளிறும், பச்சை வெளுத்துப்போகும். அதனால்தான் பல கலவைகளில் குளோரினைத் தருவதற்கென்றே ஒரு பொருள் தனியாகச் சேர்க்கப்படுகிறது.

இந்த வரிசையில் எல்லாரையும் படுத்துவது நீலம். செம்பும் குளோரினும் சேர்ந்த மூலக்கூறு சூட்டைத் தாங்காது. சுவாலை அதிகம் சூடானால் அது உடைந்து, நீலம் காணாமல் போகும். சூட்டைக் குறைத்தாலோ சுவாலையே மங்கும், தூரத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. பிரகாசமும் நீலமும் ஒன்றையொன்று தின்கின்றன. ஒரு வாணவேடிக்கை நல்லதா என்று பார்க்க வேண்டுமானால் அதன் நீலத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பை யாரும் காட்டிவிடலாம்.

சோடியத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது ஒளியை அள்ளிக் கொட்டும். கலவையில் வேறு உப்புகளோடு துளி சோடியம் அழுக்காக வந்துவிட்டால் போதும், மஞ்சள் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். கடையில் வாங்கிய மலிவான உப்பில் செய்த ‘நீலம்’ ஏன் அழுக்கு வெள்ளையாக எரிகிறது என்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான்.

வெள்ளியும் பொன்னும் வேறு கதை. அங்கே ஒளிர்வது வாயு அல்ல, சூடேறிய திடத் துகள்கள். அலுமினியம், மக்னீசியம், டைட்டேனியம் வெள்ளை தரும். கரித்தூளும் இரும்பும் பொன்னிறப் பொறிகள் தரும். 18ஆம் நூற்றாண்டு முடியும்வரை ஐரோப்பாவின் அரச விழாக்களிலும் செம்பொன்னும் வெளிறிய வெள்ளையும்தான் பெரும்பாலும் இருந்தன. 1780களில் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தொலே பொட்டாசியம் குளோரேட்டைக் கண்டுபிடித்த பிறகே, 19ஆம் நூற்றாண்டில் சிவப்பும் பச்சையும் வானத்துக்கு ஏறின. யப்பானில் இந்தப் பிரிவு மொழியிலேயே நிற்கிறது. கரியின் செம்பொன் மட்டும் தெரிகிற பழைய வாணத்துக்கு ‘வாபி’, யப்பானிய நெருப்பு, என்று பெயர். மெய்ஜி காலத்தில் (1868–1912) மேற்கிலிருந்து வந்த இரசாயனங்களால் நிறம் பெற்றது ‘யோபி’, மேற்கத்திய நெருப்பு.

பல்லி முட்டைக்குள் ஒரு மணிக்கூடு

இனி மாற்றத்துக்கு வருவோம்.

பள்ளிக்கூட வாசலில் விற்ற பல்லி முட்டை இனிப்பு ஞாபகம் இருக்கிறதா? வாயில் போட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்தால் மேல் நிறம் கரைந்து உள்ளே வெள்ளை தெரியும், கடைசியில் நடுவே ஒரு சிறு விதை நாவில் தட்டும். சுழலும் சட்டியில் விதையைப் போட்டு, பாகை ஊற்றி ஊற்றி, படை படையாக வளர்த்தெடுத்த உருண்டை அது. நிறம் மாறும் ஸ்டாரும் அமைப்பில் அப்படித்தான். உள்ளே ஒரு கரு, அதைச் சுற்றிப் பச்சைக்குரிய படை, அதற்கு மேல் சிவப்புக்குரிய படை. தீ வெளியிலிருந்து உள்நோக்கி உரித்துக்கொண்டு போகிறது. முதலில் சிவப்பு எரிந்து தீர்கிறது, பிறகு பச்சை வெளிப்படுகிறது. யப்பானியப் பட்டறைகளில் இப்படிப் படை வைத்துக் காயவிட்டு, மறுபடி படை வைத்துக் காயவிட்டு, ஒரு தொகுதி முடிய வாரக்கணக்கில் ஆகும்.

கேட்பதற்கு எளிது. இதை ஒழுங்காகச் செய்வது ஏன் கடினம் என்பதைச் சின்னக் கணக்கொன்று காட்டும்.

16 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள ஓர் உருண்டையை எடுப்போம். ஆரை 8 மில்லிமீற்றர். வெளிப்பக்க 2 மில்லிமீற்றர் சிவப்பு, மீதி பச்சை என்று வைப்போம். தடிப்பில் சிவப்புக்குக் கிடைத்தது கால் பங்கு மட்டும். ஆகவே நேரத்திலும் ஏறத்தாழ கால் பங்கு. ஆனால் கனவளவு ஆரையின் மும்மடிப் பெருக்கம். 8இன் மும்மடி 512, 6இன் மும்மடி 216. உருண்டையின் மொத்தக் கனவளவில் ஏறத்தாழ 58 வீதம் அந்த மெல்லிய வெளிப்படையிலேயே இருக்கிறது! பாதிக்கு மேற்பட்ட மருந்து முதல் கால்வாசி நேரத்தில் எரிந்துவிடுகிறது.

ஒளிக்கும் இதே கதை. எரிகிற மேற்பரப்பு ஆரையின் வர்க்கத்தைப் பொறுத்தது. சிவப்பு தொடங்கும்போது 64 பங்கு என்றால், பச்சை தொடங்கும்போது 36 பங்குதான். இரண்டும் சமமாக ஒளிர வேண்டுமானால் உள்ளே இருக்கிற நிறம் இயல்பிலேயே அதிகப் பிரகாசமானதாக இருக்க வேண்டும். நீலத்தை உள்ளே வைத்து அதற்கு மேல் வெள்ளியைப் பூசினால், முதலில் வெள்ளியைப் பார்த்துக் கூசிய கண்ணுக்குப் பின்னால் வரும் நீலம் கறுப்பாகவே தெரியும். எந்த நிறம் முன்னால், எந்த நிறம் பின்னால் என்பது ஆசைப்படி நடக்கிற காரியம் அல்ல.

அடுத்தது ஒத்திசைவு. படை வினாடிக்கு 3 மில்லிமீற்றர் வேகத்தில் எரிகிறது என்று வைத்துக்கொண்டால், தடிப்பில் அரை மில்லிமீற்றர் பிசகு ஆறில் ஒரு வினாடிப் பிசகு. தனி ஸ்டாரில் அது பெரிய விஷயமில்லை. இருநூறு ஸ்டார்கள் ஒன்றாக மாற வேண்டிய இடத்தில் அது குழப்பம். பந்தின் ஒரு பக்கம் பச்சையாகிவிட்டது, மறுபக்கம் இன்னும் சிவப்பு. காலிமுகத்திடலில் ‘ஆ!’ என்று வாய்விட்டவர்கள் வியந்தது நிறத்தைப் பார்த்து அல்ல, அந்த இருநூறு உருண்டைகளும் ஒரே அளவில் வந்திருந்ததைப் பார்த்து. அதைத் தெரிந்து வியந்தவர்கள் குறைவு என்பது வேறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிவப்பு முழுதாகத் தீர்வதற்குள் பச்சை பற்றிக்கொண்டால், அந்த இடைவேளையில் இரண்டு ஒளியும் கலக்கும். சாயத்தில் சிவப்பையும் பச்சையையும் கலந்தால் சேற்று நிறம் வரும். ஒளியில் கலந்தால் மஞ்சள் வரும். ஆகவே கவனமில்லாமல் செய்த ஸ்டார் சிவப்பு, அழுக்கு மஞ்சள், பச்சை என்று போகும். நல்ல பட்டறைகள் இரண்டுக்கும் நடுவே ஒளி தராமல் எரிகிற ஒரு மெல்லிய படையை வைக்கின்றன. சிவப்பு அணைகிறது, கண் இமைக்கிற நேரம் இருட்டு, பிறகு பச்சை. அந்த இருட்டுதான் மாற்றத்தைக் கத்தியால் வெட்டினாற்போலக் காட்டுகிறது.

இந்த இருட்டுப் படையை நீட்டி, ஸ்டாருக்கு ஸ்டார் வேறு வேறு அளவில் வைத்தால் இன்னொரு வித்தை பிறக்கும். நிறம் வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அலைபோல ஓடுவதாகத் தெரியும். எதுவும் ஓடவில்லை. வெவ்வேறு ஸ்டார்கள் வெவ்வேறு கணத்தில் கண் விழிக்கின்றன. அண்மைக் காலக் காணொளிகளில் ‘பேய் ஷெல்’ என்று பரவுவது இதுதான்.

ஃபோர்முலா சொல்லாதவை

ஆக, அட்டவணையில் இருக்கும் வீதங்கள் இந்தக் கதையின் ஒரு மூலை மட்டும். அட்டவணையில் இல்லாதவை இவை:

1. துகளின் அளவு. ஒரே அலுமினியம், மாவு போலிருந்தால் ஒரு வேகம், குருணை போலிருந்தால் வேறு வேகம். ஒரே வீதத்தில் கலந்தாலும் ஒன்று எரியும், மற்றது வெடிக்கும். ‘அலுமினியப் பொடி’ என்று மட்டும் எழுதியிருக்கும் குறிப்பு உண்மையில் எதையும் சொல்லவில்லை.

2. தூய்மை. சோடியத்தின் கதை மேலே. சில அழுக்குகள் நிறத்தைக் கெடுக்கும், சில அழுக்குகள் கலவையை உராய்வுக்கு அஞ்ச வேண்டியதாக்கும். வாங்குகிறவரின் கண்ணுக்கு இரண்டும் வெள்ளைத் தூள்தான்.

3. எது எதோடு சேரக்கூடாது என்பது. இதுதான் ஆளைக் கொல்லும் இடம். ஒரு நிறத்தின் குறிப்பு ஓரிடத்திலிருந்து, மறு நிறத்தின் குறிப்பு வேறிடத்திலிருந்து. தனித்தனியே இரண்டும் சரி. ஆனால் ஒரே உருண்டையில் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் லேசான உராய்வே போதும். பிரித்தானியா அந்தச் சேர்க்கையை 1894இலேயே தடைசெய்தது. இந்தியாவும் 1992இல் அதே சேர்க்கையைத் தடைசெய்தது. பழைய நூல்களிலிருந்து பிரதி செய்த குறிப்புகளில் அந்தச் சேர்க்கை இன்றும் எச்சரிக்கையில்லாமல் உலாவுகிறது.

4. ஈரம். கொழும்பின் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மழை மாதத்தில் டப்பாவிலிருக்கும் உப்பே கட்டிபிடிக்கிறது. வாணத்தில் பயன்படும் உப்புகளில் சில காற்றிலிருந்து நீரை இழுக்கும். ஈரப்பட்ட நைட்ரேட்டும் அலுமினியமும் ஒன்றாக இருந்தால் மெல்ல மெல்லத் தாமே சூடேறக்கூடும். யாரும் கிட்டப் போகவில்லை, தீக்குச்சி உரசவில்லை, இரவில் தானாகப் பற்றியது என்கிற விபத்துகளின் பின்னால் இப்படிப்பட்ட காரணங்களும் உண்டு. மறுபுறம் குளிரூட்டிய அறையில் காற்று உலர்ந்து நிலைமின் பொறி பாயும். வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில் இரண்டுக்கும் வாய்ப்புண்டு.

5. அளவு. ஒரு கரண்டி எரிகிறது என்பதால் ஒரு கிண்ணமும் அப்படியே எரியும் என்று நினைக்க முடியாது. குவியல் பெரிதாகும்போது, அல்லது அடைத்து வைக்கும்போது, எரிவது வெடிப்பாக மாறலாம்.

நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் 2000 மே 13ஆம் திகதி ஒரு வாணக் களஞ்சியம் வெடித்து 23 பேர் இறந்தார்கள், நானூறு வீடுகளளவில் அழிந்தன. கேரளத்தின் பரவூரில், புற்றிங்கல் கோயில் வாணவேடிக்கையில், 2016 ஏப்ரல் 10 அதிகாலை நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் வாணத்தைக் கையாண்டவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், தொழிலாக இதைச் செய்தவர்கள். கலவை வீதத்தை இங்கே தராததன் காரணம் இதற்குள் இருக்கிறது. ஐந்து விடயங்களில் எதுவும் தெரியாதவர் கையில் அந்த எண்கள் பாதி அறிவுகூட அல்ல. பாதி அறிவு இருந்தாலாவது ஆள் பயப்படுவார்.

இணையத்தில் கிடைக்கிறதே, அப்போ அனுமதி உண்டா?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஆங்கிலத் தளங்களில் ‘பொழுதுபோக்காக வாணம் செய்கிறேன்’ என்று வெளிப்படையாக எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். அங்கே 1969இல் தொடங்கிய வாணத் தொழிலாளர் குழுமம் ஒன்று ஆண்டுதோறும் பெரிய மாநாடு நடத்துகிறது. போட்டிகள் உண்டு, பயிற்சிகள் உண்டு. களஞ்சியத்துக்கும் கொண்டுசெல்வதற்கும் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது, அதற்கு மேல் மாநிலச் சட்டங்கள். அந்தப் பின்னணி இல்லாமல் குறிப்பு மட்டும் கடல் கடந்து நம்மிடம் வருகிறது.

இலங்கையில் நிலைமை வேறு. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெடிபொருள் செய்வதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். வாணமும் பட்டாசும் அதற்குள் அடங்கும். வெடிபொருள் கட்டுப்பாட்டாளர் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்குகிறார். நீர்கொழும்புக்குப் பக்கத்தில் கிம்புலாப்பிட்டியவில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாசு செய்யும் குடும்பங்களுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். வீட்டு மாடியில் ‘பரீட்சித்துப் பார்க்கிற’ ஒருவருக்கென்று தனி விலக்கு கிடையாது.

சட்டப் புத்தகத்துக்கு வெளியே இன்னொரு யதார்த்தமும் இருக்கிறது, அதைச் சுற்றிவளைக்க வேண்டியதில்லை. 30 வருடப் போரையும் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளையும் கண்ட நகரம் கொழும்பு. சோதனைச்சாவடியில் பையைத் திறந்துகாட்டிப் பழகிய தலைமுறைகள் இங்கே வாழ்கின்றன. அறையொன்றில் ஒட்சியேற்றும் உப்புகளும் உலோகத் தூளும் ஒரு தராசும் கிடைத்தால், ‘வாணத்தில் எனக்கு ஆசை’ என்ற விளக்கம் எந்தப் பொலிஸ் நிலையத்திலும் எடுபடாது. அந்த அறையில் இருப்பவர் தமிழ் இளைஞராக இருந்தால் கேள்விகள் எவ்வளவு நீளும் என்பதை இந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பச்சைக்கு வந்த சோதனை

செய்திகளில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ‘சிவகாசியில் பச்சை தடை’ என்றும் ‘பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி’ என்றும் சேர்ந்தே வரும் செய்திகளைப் படித்தால் பச்சை தடையா அனுமதியா என்று தலை சுற்றும். இரண்டு பச்சையும் வேறு வேறு.

சிவகாசித் தொழிலாளர் பேச்சில் ‘பச்சை உப்பு’ என்றால் பேரியம் நைட்ரேட். அது ஒட்சியேற்றியும்கூட, பச்சை நிறம் தருவதும்கூட, மலிவும்கூட. ஆகவே பச்சையே இல்லாத வாணங்களிலும் அது இருந்தது. நீரில் கரையும் பேரியம் உப்புகள் நஞ்சு. 2018 ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைத் தடைசெய்தது, 2021இல் அதை மீண்டும் உறுதிப்படுத்தியது. ‘பசுமைப் பட்டாசு’ என்பது நிறத்தைச் சொல்லவில்லை. புகையும் தூசும் குறைவாக வரும்படி இந்திய அரசின் நீரி ஆய்வு நிறுவனம் வடிவமைத்த வகை அது. மாசு ஏறத்தாழ 30 வீதம் குறையும் என்பது அவர்களது கணக்கு. பேரியம் இல்லாத பசுமைப் பட்டாசில் நல்ல பச்சை நிறம் வருவது கடினம் என்பதுதான் வேடிக்கை.

நிறம் மாறும் ஸ்டாருக்கு இது நேரடி அடி. சிவப்பிலிருந்து பச்சை என்பது மிகப் பழைய, மிகத் தெளிவான ஜோடி. பேரியத்தை எடுத்துவிட்டால் அதே அளவு ஒளிரும் பச்சைக்கு எளிய மாற்று இல்லை. உலகின் மற்றப் பகுதிகளில் பேரியம் தொடர்ந்து பயன்படுகிறது. ஆகவே இந்தியத் தயாரிப்பில் செம்பொன்னும் வெள்ளியும் கூடுதலாகவும், சீனத் தயாரிப்பில் பச்சை தாராளமாகவும் தெரிந்தால் அதில் ஆச்சரியமில்லை.

மருந்தைத் தொடாமல் விரும்பலாம்

ஆசை நிசமானது என்றால் போக வழிகள் இருக்கின்றன. வாண நிகழ்ச்சி வடிவமைப்பவர்கள் ஃபைனேல் த்ரீடி போன்ற மென்பொருளில் முழு வானத்தையும் கணினியிலேயே கட்டுகிறார்கள். எந்த ஷெல் எத்தனையாவது வினாடியில், எந்த நிறத்திலிருந்து எதற்கு, பாட்டின் எந்தத் தட்டுக்கு என்று. படையின் தடிப்பு செய்கிற வேலையை அங்கே நேரக்கோட்டில் விளையாடிப் பார்க்கலாம். இரசாயனத்தில் ஆர்வமென்றால் பள்ளி ஆய்வுகூடத்தின் சுவாலைச் சோதனை இருக்கிறது. கம்பி முனையில் ஒட்டிய துளி உப்பு, ஆசிரியர் பக்கத்தில். எளிய நிறமாலைகாட்டி ஒன்று கையில் இருந்தால் சோடியம் ஒற்றைக் கோடாகவும் ஸ்ட்ரொன்சியம் பட்டைகளாகவும் பிரிந்து நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். அணுவுக்கும் மூலக்கூறுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது புத்தகத்தில் படித்ததாக இருக்காது.

வானத்தைப் பார்ப்பதிலும் பழக்கம் உண்டு. டிசெம்பரில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து, கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். முதல் சில நிமிடங்களின் புகை விலகிப்போகிறது, ஆகவே காலிமுகத்திடலில் நிற்பவருக்குக் கடைசி ஷெல்கூடத் துலக்கமாகத் தெரிய வாய்ப்பிருக்கிறது. காற்றில்லாத இரவில் புகைக்குள் எரிகிற நீலத்தைத் தேட வேண்டாம், கிடைக்காது. கைபேசியில் எடுத்த படத்தில் ஷெல்லின் நடு வெள்ளையாகத் தெரிந்தால் வாணத்தில் பிழையில்லை. கமரா அளவுக்கு மிஞ்சிய ஒளியை வாங்கியிருக்கிறது, ஒளிவாங்கலைக் குறைத்தால் நிறம் திரும்பிவரும்.

வெடித்ததைக் கண்டதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்குங்கள். மூன்றில் சத்தம் கேட்டால் ஷெல் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில். எண்ணிக்கொண்டே சிவப்பு அணைகிற இடத்தைப் பாருங்கள். பச்சை வருவதற்கு முன் அந்தப் பந்து முழுவதும் ஒரு கணம் வானத்திலிருந்து மறைந்துபோனால், இருட்டுப் படையைச் சரியான தடிப்பில் வைத்த கை அதன் பின்னால் இருக்கிறது.